சுரண்டாத குடல்

புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில்
ஐந்தரைக்கே நிற்கிறேன்.
"சூடு ஆறாத குடல் வேணும் பாய்,
சுரண்டிடாதீங்க."
கவுஸ் பாய் ஏற இறங்கப் பார்க்கிறார்.
"சுரண்டாட்டி கசக்கும்மா."

கசப்போடுதான் ராத்திரி முழுக்க மல்லுக்கு நின்றேன்.
டெங்குக் காலத்தில் தெருமுனை அண்டாவில்
ஊரே வரிசையில் நின்று விழுங்கிய நிலவேம்பு.
பாதி நாக்கோடு நின்றுவிடும்.
மீதி வயிற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியேறும்.
ரத்தம்வரை போவது சொற்பம்,
தண்ணீரோடு ஒட்டாத சத்து அது.
எண்ணெயில் கரைத்து,
சோப்புக்குத் தம்பி முறையான ஒன்றைக் கூட்டி,
தண்ணீரில் ஊற்றி,
காதைக் கிழிக்கும் ஒலிக்கம்பியை முக்கினேன்.
முதல் தடவை மோர்.
இரண்டாம் தடவையும் மோர்.
கரன்ட் போய் வந்தபின் மூன்றாவது
அரிசி கழுவிய கடைசித் தண்ணீராய்த் தெளிந்து
ஓரத்தில் லேசாக நீலம் பூத்தது.
துளியின் குறுக்களவு தொண்ணூற்றாறு நானோமீட்டர்.
ஒரு தலைமுடி அகலத்துக்குள்
எண்ணூறு துளி வரிசை கட்டும்.

கணேசபுரம் சுரங்கப்பாதையில்
இடுப்பளவு மழைத்தண்ணீர்.
ஆட்டோக்காரர் கையை விரித்துவிட்டார்.
அறுத்த குடலுக்கு உயிர்
மிஞ்சினால் இன்னும் ஒரு மணி நேரம்.
தெர்மகோல் பெட்டியைத் தலையில் வைத்து இறங்கினேன்.
யார் வண்டியிலோ கசிந்த டீசல்
வானவில்லாய் விரிந்து என்னைச் சுற்றியது.
இதைக் கலக்க யாரும் மெனக்கெடவில்லை.
ஆனாலும் தோலுக்குள் போகாமலா இருக்கும்,
தினம் இதில் நடக்கிறவர்களுக்கு?

வியாசர்பாடி, இரண்டாம் மாடி.
கண்ணாடிக் குச்சியில் குடலை உள்வெளியாய்த் திருப்பி
இரண்டு முனையும் நூலால் கட்டி
கொளத்தூரில் வாங்கிய மீன்தொட்டி பம்பால்
குமிழி விட்டு
நீலம் பூத்ததில் இறக்கினேன்.
பக்கத்துக் குவளையில் வெறும் கஷாயம்,
அதற்கும் ஒரு துண்டு.
அரை மணி. ஒரு மணி.
சுடிதார் காயவே இல்லை.

கஷாயத்துப் பைக்குள் ஒன்று என்றால்
இதற்குள் நான்கரை.
சுவரைத் தாண்டியிருந்தது கசப்பு.
ஆட்டின் சுவர்தான். மனிதச் சுவர் இனிமேல்.
நோட்டில் தேதி போட்டேன்,
பக்கத்தில் மழை என்றும் எழுதினேன், எதற்கென்று தெரியவில்லை.

மறுநாள் கவுஸ் பாய்:
"குழம்பு எப்டிம்மா?"
"கசப்பு உள்ளே இறங்கிடுச்சு பாய்."
"அதான் அப்பவே சொன்னேன்."