ஏழிலிருந்து ஒன்பது வரை

பாயா தெருபோங்கில் பதினெட்டு மாடிக் கட்டடம்.
வீட்டுக்கு வீடு புது மீட்டர்.
அரைமணிக்கொரு தரம்
தான் எண்ணியதை அது சொல்லியாக வேண்டும்.
சொல்லத் தனிக் கம்பி இல்லை.
விளக்கெரிக்கும் அதே கம்பியில்தான்
பேச்சும் போகிறது,
சந்தைக் கூச்சலுக்கு நடுவே
காதில் கிசுகிசுப்பதுபோல.
இந்த உவமையைக் கூட்டத்தில் சொன்னேன்.
மேலாளர் பட்ஜெட்டைப் பற்றிக் கேட்டார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறையில், என் மேசை.
திரையில் ஒரு வீட்டுக்கு ஒரு பச்சைப் புள்ளி.
மாலை ஏழானால் நாற்பத்தொரு புள்ளிகள்
சாம்பலாகும்.
ஒன்பதுக்கு மறுபடி பச்சை.
சாம்பல் என்றால் இருட்டு என்று
நிரலுக்குச் சொல்லித் தந்திருந்தோம்.
அது வண்டியை அனுப்பியது.
நஸ்ருல் போய்ப் பார்த்தான்:
எல்லா வீட்டிலும் வெளிச்சம்,
தொலைக்காட்சி, மீன் பொரிக்கும் வாசனை.
"கரண்டு இங்கே இருக்கு, அக்கா,
உங்க படத்துலதான் இல்லை" என்று
மலாயில் சிரித்தான்.

மூன்று இரவு அப்படியே.
நான்காம் இரவு
அளவிடும் கருவியைக் கம்பியில் மாட்டி
மாடி மாடியாக ஏறினோம்.
ஒன்பதாவது மாடி, கூ செங் ஹுவாட்.
இரவில் லக்சா விற்பவர்.
தள்ளுவண்டி பேட்டரிக்கு
எங்கோ மலிவாக வாங்கிய சார்ஜர்.
பேட்டரி நிறைய நிறைய
கட்டடத்துக் கம்பியெல்லாம் கரகரத்தது.
நாற்பத்தொரு மீட்டரும்
கத்திக்கொண்டுதான் இருந்தன.
எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

சார்ஜரை மாற்றச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
வடிகட்டிக்குப் பணம் அடுத்த ஆண்டு.
அதனால் ஒரு வரி எழுதினேன்.
ஒரே வரி.
ஏழிலிருந்து ஒன்பது வரை
இந்தக் கட்டடம் மௌனமானால்
நம்பாதே.

வண்டி போகவில்லை. எல்லோருக்கும் நிம்மதி.
மேலாளர்கூட ஒருநாள் கோப்பி வாங்கித் தந்தார்.

அக்டோபரில் ஒரு மாலை
மலையிலிருந்து இறங்கிய மழை
தரைக்கடியில் ஒரு கேபிள் இணைப்புக்குள் புகுந்தது.
ஏழு இருபது.
நாற்பத்தொரு புள்ளிகளும் சாம்பல்.
நிரல் என் சொல்லைத் தட்டவில்லை.

ஏழு ஐம்பத்தைந்துக்குத்
தொலைபேசி அடித்தது. பழைய தொலைபேசி.
ஒரு சிறுமி. பேர் கவிநிலா என்றாள்,
நான் கேட்காமலே.
"அப்பா லிஃப்டுக்குள்ள இருக்காரு.
மூணுக்கும் நாலுக்கும் நடுவுல.
கதவைத் தட்டுறாரு, எங்களுக்குக் கேட்குது.
உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை.

அப்புறம் பதிவுகளைப் புரட்டினேன்.
ஏழு இருபதுக்கு முன்
கம்பியில் வழக்கமான கரகரப்பு.
ஏழு இருபதுக்குப் பின்
ஒன்றும் இல்லை.
கூவின் சார்ஜரும்தானே அணைந்துவிட்டது.
இரைச்சல் மூடிய மௌனம் வேறு,
இரைச்சலும் செத்த மௌனம் வேறு.
அடித்தளத்தில் இருந்த பெட்டிக்கு
தன் பேட்டரியில் விழித்திருந்து
அதைக் கேட்கத் தெரியும்.
நான்தான் கேட்கச் சொல்லவில்லை.

எட்டு முப்பதுக்கு அவரை வெளியே எடுத்தார்கள்.
சட்டை நனைந்திருந்ததாம்.
கையில் பொட்டலம், ரொட்டி ஆறிப்போயிருந்ததாம்.
யாரையும் திட்டவில்லை என்றான் நஸ்ருல்.
திட்டியிருக்கலாம்.

வரியை மாற்றினேன்:
மௌனமானால், முதலில்
கரகரப்பு இருக்கிறதா என்று கேள்.
இப்போது ஏழு மணிக்குக்
கம்பியில் அந்தக் கரகரப்பு ஏறும்போது
நாற்காலியில் சாய்ந்துகொள்கிறேன்.
அங்கே விளக்கு எரிகிறது,
லக்சா வண்டி கிளம்பப் போகிறது.

நேற்று நஸ்ருல் சொன்னான்,
வியாபாரம் நன்றாகப் போகிறதாம்;
அடுத்த மாதம் கூ
நல்ல சார்ஜர் ஒன்று வாங்கப்போகிறாராம்.
பதினான்காம் மாடியில் யாரோ
மின் ஸ்கூட்டரும் வாங்கியிருக்கிறார்களாம்.

மறுபடி அந்த வரியைத் திறந்து வைத்திருக்கிறேன்.