ஏழாம் இலக்கம்

மட்டக்களப்பு பஸ்ஸில் வந்தது பார்சல்.
பன்னிரண்டு அம்பு, பாவித்தது.
கறுப்புக் காபன் தண்டு, மஞ்சள் இறகு.
தண்டில் அச்சடித்த எண்கள்
முன்னவன் விரல்பட்டுத் தேய்ந்திருந்தன.
வெள்ளை நெயில் பொலிஷால்
ஒன்று முதல் பன்னிரண்டு வரை நானே எழுதினேன்.

நாவற்குழியில், பழைய களஞ்சியத்துக்குப் பின்னால்
உமிச்சாக்கு அடுக்கி, மேலே வட்டத்தாள்.
சோளகம் கடனீரேரி உப்போடு வந்து
தாளின் மூலையைக் கிளப்பும்.
முதற்கிழமை எல்லாமே இடப்பக்கம்.
குறிமுள்ளை இடப்பக்கம் நகர்த்தினேன், இன்னும் நகர்த்தினேன்,
திருகாணி முடியுமட்டும்.
பதினொன்று ஒருவாறு நடுவுக்கு வந்தன.
ஏழு மட்டும் வலப்பக்கம் ஓடிச்
சாக்கின் தையலில் குத்தி நின்றது.

"எய்தவள் நீ இருக்க அம்பை ஏன் நோகிறாய்?"
என்றாள் சகாயசீலி, தண்ணீர்ப் போத்தலை நீட்டி.

பழமொழியோடு சண்டை பிடிக்கிற ஆள் இல்லை நான்.
ஆனால் ஆஸ்பத்திரி வீதியில்
மூக்குக்கண்ணாடிக் கடையில் எட்டு வருசம்.
எழுத்து மங்குது என்று வருபவரைக்
கண்ணில் பிழை என்று அனுப்பினதில்லை.
முதலில் கண்ணாடியைக் கழற்றி வாங்கி
அதன் பவரைப் பார்ப்பேன்.

அன்றிரவு இரண்டு கதிரை,
இடையில் இருபத்தெட்டு அங்குலம்,
குறுக்கே அம்பு,
நடுவில் நைலோன் நூலில் தொங்கும் ஒரு கிலோப் படி.
வீட்டுக்கார மனுசி எட்டிப் பார்த்து
"என்ன பிள்ளை, மீனோ நிறுக்கிறீர்?" என்றா.
ஒன்று, அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடத் தொய்ந்தது.
இரண்டும் அப்படி. மூன்றும்.
ஏழு, ஏறக்குறைய ஒரு அங்குலம்.

என் வில் இருபத்தாறு றாத்தல்.
அது தள்ளும்போது
வில்லின் இடுப்பைச் சுற்றி
விரால் போல நெளிந்து தாண்டி
அதன்பிறகுதான் அம்பு நேராகும்.
மற்றப் பதினொன்றும் விறைப்பு,
யாரோ பலசாலியின் தோளுக்கு வாங்கினவை.
நெளிய மாட்டாமல் வில்லில் உரசி விலகினவை.
ஒரே இடத்தில் கூட்டமாய் விழுந்ததால்
அதுதான் சரியென்று
என் குறியைக் கோணலாக்கி வைத்திருந்தேன்.

ஏழு எப்படி அந்தக் கட்டுக்குள் வந்ததோ.
விற்றவனின் தங்கையுடையதாய் இருக்கலாம்.
நான் கேட்கவில்லை.

விடிய, குறிமுள்ளைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்தேன்.
ஏழை நாணில் கொளுவி விட்டேன்.
வில் இந்தமுறை சத்தம் போடவே இல்லை.
மஞ்சள் வட்டத்தில், கோட்டுக்குச் சற்று உள்ளே.

இதுபோல இன்னும் பதினொன்று
கொழும்பில் என் சம்பளத்தின் முக்கால் பங்கு.
அதுவரைக்கும் ஒற்றை அம்பு.
எய்து, நடந்து, பிடுங்கி, துடைத்து,
திரும்பி நடந்து, எய்து.
ஆள் முன்னால் நிற்கையில் எய்யக்கூடாதென்பதால்
சகாயசீலி வில்லைத் தாழ்த்திக்கொண்டு
ஆறு அம்போடு காத்திருக்கிறாள்.
"எத்தினை தரமடி நடப்பாய்?"

நான் இன்னும் சாக்கடியில் நிற்கிறேன்.
இறகில் ஒரு உமி ஒட்டியிருக்கிறது.