ஏப்ரல் புட்டி

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை
ஒரு மிடறு குடிக்கிறது இயந்திரம்
இரவும் பகலும், முகம் சுளிக்காமல்.
முதல் வருடம் நான் சுளித்தேன்.
இப்போது பக்கத்திலேயே நின்று
ரொட்டி தின்கிறேன்.

ஸ்கார்விக்கின் அறுநூற்று நாற்பது வீடுகளும்
கடைசியில் இந்தக் கொட்டகைக்குத்தான் வருகின்றன.
பாதிரியார் வீடு, பள்ளிக்கூடம், மேயரின் புதுக் குளியலறை,
எல்லாம் ஒரே குழாயில், ஒரே சூட்டில்.
பிப்ரவரியில் கடற்கரைக் கயிறுகூட விறைத்துக் கிடக்க
இது மட்டும் ஆவி விடும்.
சல்லடையில் ஒருமுறை பல்செட் வந்தது,
ஒருமுறை கல்யாண மோதிரம்.
பல்லைத் தேடி ஆள் வந்தார்.
மோதிரத்துக்கு யாரும் வரவில்லை.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை.
ஊரின் அடிவாய்க்கு இருக்கிறது,
வார்ப்பிரும்பில், நாற்பது கிலோ.
அதைத் தூக்குவதுதான் என் வேலை.

ஏழு நாள், ஏழு புட்டி.
உறையவைத்துப் பெட்டியில் அடைத்து
தெற்கே போகும் கப்பலில் ஏற்றுவேன்.
ஓஸ்லோவில் இங்வில்ட் என்றொரு பெண்,
கையெழுத்து மட்டுமே பழக்கம்,
ஆயிரம் பேருக்கு இத்தனை மில்லிகிராம் என
எழுதி அனுப்புவாள்.
பெயர் இருக்காது. தெரு இருக்காது.

அதுவரை இந்த ஊரை யாரும் அளந்ததில்லை.
மார்ச்சில் முதல் எண் வந்தது:
ஆம்ஃபெட்டமின், கொக்கெய்ன்,
துறைமுக நகரத்துக்குக்கூட அதிகம் என்றார் மேயர்.
தோர்கில் எழுந்தான், இரண்டு படகுக்குச் சொந்தக்காரன்.
"காட் மீனோடு யார் வருகிறார்கள்?
நான் அப்போதே சொன்னேன்."
எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

மீன் ஆலைக்குப் பின்னால் தகரக் குடியிருப்பு.
லித்துவேனியாக்காரர்கள் நூற்று எழுபது பேர்.
மறுநாளே போலீஸ் நாய் வந்தது.
மெத்தைகளைப் புரட்டினார்கள், பூட்ஸுகளைக் கவிழ்த்தார்கள்.
ஜிட்ரூனாஸின் பையில்
முதுகுவலி மாத்திரை ஒரு பட்டை.
பன்னிரண்டு மணி நேரம் குனிந்து
மீன்தலை வெட்டும் முதுகு அது.
என் கொட்டகை வாசலில் பனி மூடியபோது
கேட்காமலேயே மண்வெட்டி எடுத்தவன்.
அன்று நான் தெருவின் எதிர்ப்பக்கம் நின்றேன்.
நின்றேன், அவ்வளவுதான்.

ஏப்ரலில் மீன் போனது. அவர்களும் போனார்கள்.
திட்டத்தில் இரண்டாவது வாரம் ஒன்று இருந்தது.
மேயர் மறந்திருந்தார்.
நான் மறக்கவில்லை.

மே பதினாறு, கொடிநாளுக்கு முந்தின நாள்.
ஊரே கம்பத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்க
கடிதம் வந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் இங்வில்ட்:
"தலைக்கணக்கைச் சரிபார்க்கவும்."
சரிபார்த்தேன்.
நூற்று எழுபதைக் கழித்தேன்.
கழிக்கக் கழிக்க ஏறியது எண்.

மாலைக் கூட்டத்தில் வாசித்தேன்.
இயந்திரம் பழுதாக இருக்கும் என்றார் தலைமையாசிரியர்.
காப்பி ஆறிவிட்டது என்றார் யாரோ.
தோர்கில் தன் உள்ளங்கையை
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்,
வாடகைக்கு எடுத்ததைப் போல.
நாளைய ஊர்வலத்தில் முரசு யார் அடிப்பது என்பதற்குப்
பேச்சு தாவியது.

இந்த மாதத்தில் இங்கே இரவு கிடையாது.
பதினொரு மணிக்கும் வெயில்.
அந்நேரம் குழாய் தூங்கும், எனக்குத் தெரியும் அதன் மூச்சு.
இன்று ஓட்டமானி முள் துள்ளியது.
விழுந்தது. மறுபடி துள்ளியது.
மேல்தெரு, கோயில் தெரு, துறைமுகம்,
வீடு வீடாக
இழுத்து விடுகிறார்கள் தண்ணீரை.
சிரித்துவிட்டேன், தனியாக, சத்தமாக.
நாற்பது வருட ஊர்
ஒரே இரவில் சுத்தமாகிறதே!

பிறகு ஜன்னல் பக்கம் போனேன்.
சரிவில் தெரிவது என் வீடு.
உள்ளே பிர்கர் மட்டும்,
தோர்கில் படகில் இருபது வருடமாய்
தூக்கமின்றி வலை இழுக்கும் என் கணவன்.
குளியலறை ஜன்னல் திறந்தது.
மூடியது.

எங்கள் வீட்டுத் தண்ணீர் இங்கே வர
பதினோரு நிமிடம்.
அடுத்த மிடறுக்கு இயந்திரம் எப்போது
வாய் திறக்கும் என்பதும் தெரியும்.
கணக்கு எனக்கு நன்றாக வரும்.
போடவில்லை.