பின்னங்கால்கள்

அதிபர் காசு சுண்டினார்.
தலை விழுந்தது ஹேஷானுக்கு.
எனக்கு வால்,
வளைந்த முதுகு, இரண்டு பின்னங்கால்,
பிடித்துக்கொள்ள அவனுடைய பெல்ட்.

பூண்டுலோயாப் பாடசாலைகள் மூன்றும் சேர்ந்து செய்த யானை.
விலா எலும்பு மூங்கில்.
தோல், ஸ்டோரில் கேட்டு வாங்கிய பழைய கொழுந்துச் சாக்கு.
காது இரண்டும் ரமீஸா டீச்சர் வீட்டுச் சுளகு.
பெயின்ட் காய மூன்று நாள் வெயில் வேண்டுமாம்.
ஜூன் மாதத்தில், இந்த ஊரில்,
யாரிடம் போய்க் கேட்பது?

ஒத்திகையில் ஹேஷான் "வம" என்பான்.
அதை நான் இடது என்று மாற்றி
காலைத் தூக்குவதற்குள்
அவன் "தகுண"வுக்குப் போயிருப்பான்.
ஒரு கிழமை முழுக்க யானை நொண்டியது.
பிறகு பேச்சை விட்டோம்.
பெரிய மேளம் டும் என்றால் இடது.
அவ்வளவுதான் ஒப்பந்தம்.

ஊர்வலத்தை நான் பார்க்கவில்லை.
முதலாம் வகுப்புத் தேனீக்கள் போனதாகச் சொன்னார்கள்,
பொய்க்கால் ஏறிய பெண்கள் போனார்களாம்,
லொறியில் ஒரு தேநீர்க் கேத்தல்
நிஜமாகவே ஆவி விட்டதாம்.
நான் பார்த்தது தார் ரோடு,
டொஃபித் தாள், வெற்றிலைத் துப்பல்,
யாரோ தவறவிட்ட ஒரு தேனீச் சிறகு.
பணிஸ் வாசம் வந்தால் பேக்கரி.
பவுடர் வந்தால் சலூன்.
கருவாடு வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டேன்,
சந்தை நீளமானது.

தலவாக்கலை பஸ் ஹோர்ன் அடித்து அடித்து
எங்கள் எல்லாரையும் கானோரம் ஒதுக்கியது.
அந்த இடைவெளியில் பனிமூட்டம் இறங்கிவிட்டது.
மைக்கில் சத்தியசீலன் சேர்
"இதோ, கம்பீரமாக வருகிறது யானை" என்றார்.
கம்பீரத்தின் பின்பாதிக்கு
இடுப்பு பிடித்திருந்தது.

முதல்நாள் ராத்திரியே அம்மாவிடம் சொல்லியிருந்தேன்:
மூஞ்சியத் தேடாதீங்க.
பின்னங்கால்தான் நான்.
எடது சப்பாத்துல செவப்பு நாடா.
அம்மா கணக்குப் போட்டுப் பார்த்தது.
"பகல் கொழுந்து நிறுத்துட்டு ஓடியாறேன்.
அரைப்பேர் போட்டாப் போடட்டும்."

கூட்டுறவுக் கடைக்கு முன்னால்
வரிசையாகக் கால்கள்.
அதில் ஒரு சோடி ரப்பர் செருப்பு.
அட்டைக்குத் தேய்த்த சவர்க்காரம்
கணுக்கால் வரை வெள்ளையாய்க் காய்ந்திருந்தது.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
முழங்கால் மடங்கி இறங்கியது,
பிறகு படங்கு,
தரையில் ஊன்றிய ஒரு கை,
கொழுந்துக் கறை பிடித்த விரல்,
கடைசியாக, பக்கவாட்டில் சாய்ந்து, முகம்.
ஊரே தும்பிக்கையை அண்ணாந்து பார்க்கிறது.
அம்மா மட்டும் குந்தியிருந்து
யானைக்கு அடியில் பார்க்கிறது.

டும் விழுந்தது. நான் இடது வைக்கவில்லை.
இரண்டு காலையும் சேர்த்து ஒரு எத்து,
சுழன்று இன்னொரு எத்து,
வால் போய் யாருடைய குடையிலோ பட்டது.
கூட்டம் ஓவென்று சிரித்தது.
"மொகத பங்!" என்று இருட்டுக்குள் ஹேஷான்.
பதில் சொல்ல எனக்குச் சிங்களம் வரவில்லை,
தமிழும் வரவில்லை.
கொஞ்ச நேரம் இழுபட்டான்.
பிறகு பெல்ட் தானாகவே குதிக்கத் தொடங்கியது.

அப்போதுதான் மழை.
சாம்பல் கரைந்து கழுத்தில் ஓடியது.
சாக்கில் பழைய எழுத்துகள் வெளியே வந்தன,
தோட்டத்தின் பெயர், ஏதோ ஒரு நம்பர்.
காதுகள் மறுபடி சுளகாகின.
துணியைத் தூக்கி வெளியே வந்து தேடினேன்.
கூட்டுறவுக் கடை இருந்தது.
அம்மா இல்லை,
அந்தி நிறுவைக்குப் போய்விட்டது.

ராத்திரி ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே
யானையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.
"ஒனக்கு முன்னுக்குப் போன புள்ள யாரு?"
ஹேஷான், சிங்களப் பாடசாலை, என்றேன்.
"அதுக்குச் சப்பாத்து பத்தல.
குதிகால்ல ரத்தம் கட்டியிருக்கு.
நீ பாக்கலயா?"

ஒரு கிழமையும் ஒரு ஊர்வலமும்
அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நான்.
ரொட்டி தொண்டையில் நின்றது.