இடப்பக்கம் இரண்டு

திங்கள்கிழமை, முதல் மணி.
நரின் நகரம் இன்னும் முழுசாக விடியவில்லை.
ஹீட்டர் குழாய் இருமுகிறது.
புத்தகத்தை மூடுங்கள் என்கிறேன்.
இருபத்தாறு புத்தகங்கள் மூடுகின்றன,
ஒன்று மட்டும் தாமதமாக.

வெற்றுத் தாள். பேனா. ஐந்து நிமிடம்.
போன வாரம் இதயத்துக்குள் போன ரத்தம்
எந்த வழியாக வெளியே வந்தது?
வரையுங்கள்.

பெகாயிம் கூரையைப் பார்க்கிறாள்,
அங்கே யாரோ எழுதிவைத்திருப்பதைப் போல.
உர்மத் பேனா மூடியைக் கடிக்கிறான்.
வந்துவிட்டது, நாக்கு நுனியில் நிற்கிறது,
இறங்க மாட்டேன் என்கிறது.

மேற்பார்வைக்கு வந்தவர் ஒருமுறை கேட்டார்:
பாடம் நடத்தாமல் ஏன் சும்மா நிற்கிறீர்கள்?
சும்மா இல்லை, ஐயா.
உறைந்த ஆற்றில் இவர்கள்
பனியைக் கொத்தித் தண்ணீர் எடுக்கிறார்கள்.
நேற்றுக் கொத்திய துளை
இன்று காலை மூடித்தான் கிடக்கும்.
ஆனால் அந்த இடத்தில் பனி மெல்லியது.
கடப்பாரைக்குத் தெரியும்.

இதை அவரிடம் சொல்லவில்லை.
"பயிற்சி" என்றேன். எழுதிக்கொண்டார்.

மீரிமின் தாளில்
ரத்தம் நுரையீரலுக்குப் போனது, திரும்பவில்லை.
அம்புக்குறி அங்கேயே நின்றது,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி.
"பார்த்துப் படித்தபோது தெரிந்ததே, டீச்சர்."
தெரிந்த மாதிரி இருந்தது, மீரிம்.
பக்கத்தின் வெளிச்சத்தை
நம் வெளிச்சம் என்று நினைத்துக்கொள்கிறோம்.
நானும்தான்.
பிஷ்கெக்கில் விடிய விடிய நெட்டுருப் போட்டு
தேர்வு முடிந்த சாயங்காலமே
மார்ஷ்ருத்காவில் வழியெல்லாம் சிந்திவிட்டு
பட்டம் வாங்கியவள்.

மதிப்பெண் போடவில்லை. சிவப்பு மையும் இல்லை.
புத்தகத்தைத் திறந்து
விட்டுப்போனதை மட்டும்
வேறு நிறத்தில் நிரப்பச் சொன்னேன்.
வியாழக்கிழமை மறுபடி வெற்றுத் தாள்.
அடுத்த திங்கள் மறுபடி.
நடுவில் தவளை, மீன், வேர்முடி எல்லாம் வந்து போயின.
மூன்று வாரம் விட்டு, எதிர்பாராத ஒரு நாள்,
மறுபடி.
வகுப்பு முனகியது.
மீரிமின் அம்பு பாதி தூரம் திரும்பியிருந்தது.

டிசம்பரில் குளிர்கால இறைச்சிக்காக
அவர்கள் வீட்டில் குதிரை அறுத்தார்கள்.

அதற்கு மறுவாரம்தான்
உர்மத் கை தூக்கினான்:
"டீச்சர், இன்றைக்கு நீங்களும் மூடுங்கள்."

சிரித்தபடி மூடினேன்.
சாக்பீஸ் சரளமாக ஓடியது:
நாலு அறை, தமனி, சிரை.
வால்வுக்கு வந்ததும் நின்றது.
ஒரு பக்கம் மூன்று இதழ், ஒரு பக்கம் இரண்டு.
எந்தப் பக்கம் இரண்டு?
ஏழு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்,
எப்போதும் புத்தகம் மேஜையில் திறந்திருக்க.
காது சூடானது.
ஒருவரும் சிரிக்கவில்லை;
அந்த இடம் அவர்களுக்குப் பழகின இடம்.

"இடப்பக்கம் இரண்டு," என்றாள் மீரிம்.
"விரல் விட்டுப் பார்த்தேன்.
அப்பா கழுவித் தரச் சொன்ன இதயத்தை
அரை மணி நேரம் கொடுக்கவே இல்லை.
நுரையீரலிலிருந்து திரும்பும் குழாய்
எங்கே நுழைகிறது என்று தேடினேன்.
என் தாளில் காலியாகவே இருந்த இடம்.
அப்புறம் டீச்சர், இடது சுவர் எவ்வளவு தடிமன்!
வலப்பக்கத்துக்கு என்ன,
பக்கத்து வீடுதான் நுரையீரல்.
இடப்பக்கம்
குளம்பு வரைக்கும் தள்ள வேண்டாமா?"

அந்த வாக்கியம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.
கரும்பலகையில் குளம்பு வரைந்தேன்,
மோசமாக.

தாள்களை வாங்கும்போது
கடைசி பெஞ்சு அடிலெட்டுடையது
வழக்கம்போல் ஏறக்குறைய வெள்ளை.
இதயம்கூட இல்லை, ஒரு வட்டம்.
அதற்குள் சின்ன எழுத்தில்:
எல்லாருக்கும் அனுப்புகிறதே,
இதுக்கு யார் தருகிறார்கள்?

மணி அடித்தது.
அதை நான் இன்னும் நடத்தவில்லை.
புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.
திறக்காமல்
ஜன்னலோரம் போய் நின்றேன்,
எனக்கே ஞாபகம் வருகிறதா பார்ப்போம் என்று.