உடைமரம், இறுதி, மூன்று

வாலிநோக்கத்தில்
உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே
ஒரே ஓர் உடைமரம்.
மூன்று நாளாக அதைச் சுற்றுகிறேன்,
கடன் கேட்க வந்தவன்
கதவைத் தட்டாமல் தெருவைச் சுற்றுவதுபோல.

கிழக்கே நின்றால் செல்போன் கோபுரம்
மரத்தின் உச்சியில் முளைத்துக்கொள்கிறது.
மேற்கே நின்றால் உப்பு அம்பாரமும்
அதன் மேல் கிழிந்த தார்ப்பாயும்.
வடமேற்கில், சேற்றில்,
ட்ரைபாடின் ஒரு கால் மட்டும்
மெல்ல இறங்கிக்கொண்டே இருந்த இடத்தில்
மரம் மரமாக இருந்தது.

குடையை விரித்து, மழைக்குக் காத்து, அலுத்து,
மடக்க மறந்து நிற்கும் ஆள்.
கச்சான் காற்று சீவிவிட்ட பக்கமே தலை.

அடிவானத்தை ஏற்று, வெடித்த களி தெரியட்டும்
என்றது ஒரு கண்.
இறக்கு என்றது வானம்.
கடலை வேட்டிக் கரையளவுக்குச் சுருக்கினேன்.
மரத்தை நடுவிலிருந்து இடப்பக்கம் தள்ளினேன்;
நகர்ந்தது என் முழங்கால்தான்.

உப்பின் வெள்ளை மீட்டரை ஏமாற்றும்.
ஒன்றரை ஸ்டாப் கூட்டி
மூச்சைப் பிடித்தேன்.
ஐந்து ஐம்பத்தெட்டு.
நிழல் களிமண் மேல் என்னை நோக்கி நீண்டது.
ஒரு க்ளிக்.
அப்புறம் நாற்பது, நம்பிக்கை இல்லாமல்.

சாயல்குடி லாட்ஜ், இரவு.
கிளையில் தொங்கிய நீலப் பையை முதலில் அழித்தேன்.
கருவி பக்கத்து வானத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி
அங்கே ஒட்டியது.
பிறகு மின்கம்பி.
பிறகு ஒரு காகம். அது காகமா
லென்ஸில் தூசியா என்று தெரியவில்லை,
எப்படியும் போகட்டும்.
பிறகு வரப்பில் சைக்கிள் தடம்.

இந்தக் கரையில் காலை ஆரஞ்சாக விடிவதில்லை.
ஊறவைத்த அரிசி நிறம்.
தெரிந்தும் ஓர் இழுப்பு இழுத்தேன்.
வானம் பழுத்தது.
‘உடைமரம், இறுதி’ என்று சேமித்தேன்.
இன்னும் கொஞ்சம் பழுக்கவைத்து
‘இறுதி, இரண்டு’.

மறுநாள் ஒன்பது மணிக்கு
மரத்தடியில் உப்பு வாரும் பெண்கள் ஐந்து பேர்.
இதே நீலப் பையை
முள்ளிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார் முத்திருளாயி.
‘நேத்துப் பிடிச்சதக் காட்டுங்க’ என்றார்.
காட்டினேன்.

‘மரம் நல்லாத்தான் இருக்கு.
எம்பையி எங்க?’

‘படத்துக்கு இடைஞ்சலா…’ என்று இழுத்தேன்.

‘கீழ வச்சா எறும்பு ஏறிருமுல்ல’
என்று என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்.
பிறகு உப்பில் வெடித்த விரலால்
திரையை விரித்து விரித்து
தரைக்கு வந்து நின்றார்.

‘இத விட்டுட்டீகளே.’

களிமண்ணில், கிளையின் நிழலுக்குக் கீழே,
கைமுட்டி அளவில்,
எதிலும் தொங்காமல்
ஒரு நிழல்.

‘ஏ சண்முகக்கனி, இங்க வாடி,
எம்பையக் காணோம்,
அதோட நெழலு மட்டும் கெடக்கு!’
ஐந்து பேரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்,
ஆறாவது ஆளாக, சற்றுத் தாமதமாக.

இரவு மறுபடி லாட்ஜ்.
நிழலையும் அழிக்க ஒரு நொடி போதும்.
தூரிகையை அதன் மேல் கொண்டுபோய் வைத்தேன்.
என்னவோ, கை வேறு பொத்தானைத் தட்டியது.
பின்வாங்கு.
வானம் அரிசி நிறத்துக்குத் திரும்பியது.
பின்வாங்கு. சைக்கிள் தடம்.
காகம், அல்லது தூசி.
கம்பி.
முதலில் அழித்தது
கடைசியில்தான் வந்தது.

பையில் என்ன இருந்தது என்று
காலையில் கேட்கத் தோன்றவில்லை.
நானூறு சதவீதம் பெருக்கிப் பார்த்தேன்.
நீலக் கட்டங்கள்.
ஒரு கட்டம் மட்டும்
கொஞ்சம் கூடுதல் வெளிச்சமாக.