காரணம் என்ற கட்டம்

ஒவ்வொரு மார்கழியும் மட்டக்களப்புக் கச்சேரியில்
படிவத்தின் ஏழாவது கட்டம்: காரணம்.
பயிர் பாதுகாப்பு என்று எழுதுவேன்.
இந்தமுறை பேனா கொஞ்சம் நின்றது.

போன தை.
தாந்தாமலைப் பக்கம் எங்கள் வட்டை,
கதிர் குடலையில்.
இரவு ஒன்றரைக்கு
வாடிக்குக் கீழே நெல்லைப் பிளந்துகொண்டு ஏதோ.
பன்றி என்றது காது.
ஆனைக்கன்று என்றது வயிறு.
விரல் ஒன்றும் சொல்லவில்லை,
அது முதலே விசைக்குப் போயிருந்தது.

டோர்ச் அடிக்க இன்னொரு கை வேண்டும்.
துவக்கு நீட்டியவனுக்கு
அந்தக் கை இல்லை.
எப்படிச் சரித்தேனோ குழலை,
அடித்தேன்.

பேரின்பம்.
மண்வெட்டியோடு.
என் வாய்க்காலை வெட்டித்
தன் பக்கம் தண்ணி திருப்ப வந்தவன்.
மூன்று மாதமாய்ப் பேச்சில்லை எங்களுக்குள்.
"நான்தான், நான்தான்" என்று கையைத் தூக்கினான்,
நாங்கள் எல்லோரும் ஒருகாலம்
சந்திகளில் பழகியிருந்த
அதே உயரத்துக்கு.

அந்த உயரத்துக்கு இந்தப் பக்கம்
நான் ஒருநாளும் நின்றதில்லை.

இரண்டு தோட்டாவையும் கழற்றி
சாரன் மடிப்பில் கட்டினேன்.
விடியும்வரை வயிற்றில் உரசிக்கொண்டு கிடந்தன.
தண்ணி அவன் பக்கம் ஓடியது.
மறிக்கப் போகவில்லை.

இப்போது வெறுந்துவக்கோடுதான் ஏணி ஏறுகிறேன்.
தோட்டா பிஸ்கட் டின்னில்,
மூடி நல்ல இறுக்கம்.
நகத்தால் நெம்பித் திறப்பதற்குள்
"ஆர்ரா அது" என்று இரண்டுதரம் கேட்கலாம்.
ஆனை வந்தால்?
வந்தால் பயப்படுவேன்.
அதற்கும் சேர்த்துத்தான் அனுமதி.

"போன வருசம் எத்தனை சுட்டது?"
கிளாக் பிள்ளை நிமிராமல் கேட்டாள்.
ஒண்டும் இல்லை என்றேன்.
கோடு ஒன்று கீறிவிட்டு
அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.